எம்ஜிபி 1974: எஞ்சின் ஓடுகிறது, பாதி வேலை முடிந்த மாதிரிதானே?

கேள்வி, 21 பிப்ரவரி 2021

இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் 1974 எம்ஜிபி விற்கிறார், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கூரை இல்லாத இரண்டு சீட் வண்டி, குரோம் பம்பர். புதிதாகச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது, புகையும் இல்லை. சீட் கிழிந்திருக்கிறது, வைப்பர் ஓடவில்லை. எஞ்சின் நன்றாக இருப்பதால் பாதி வேலை முடிந்த மாதிரிதான் என்று நினைக்கிறேன். மீதியை வீட்டு கராஜில் சனி ஞாயிறுகளில் முடித்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 21 பிப்ரவரி 2021, இரவு

பாதி முடியவில்லை தம்பி. இந்த வண்டியில் ஆகச் சுலபமான பகுதியே எஞ்சின்தான். 1798 சிசி, இரும்பு பிளாக், இரும்பு ஹெட்டு, இரண்டு கார்புரேட்டர். கெட்டுப்போனால் கழற்றலாம், சிலிண்டரைக் கடைந்து போர் போடலாம், திரும்பக் கோக்கலாம். உதிரி எல்லாம் இன்றும் கிடைக்கிறது.

பணமும் வருஷமும் போவது கதவுக்குக் கீழே. குனிந்து பாருங்கள். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளவாக்கில் ஒரு தகட்டுப் பெட்டி ஓடும். இங்கே அதை ‘சில்’ என்பார்கள். இதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏ-வுக்குத் தனிச் சேசிஸ் இருந்தது. 1962-ல் வந்த எம்ஜிபி-யில் அது கிடையாது, பாடியேதான் சேசிஸ். மூடிய கார் என்றால் கூரையும் கொஞ்சம் பாரம் தாங்கும். உங்களுடையது திறந்த வண்டி. அதனால் கட்டிலுக்கு நீளச் சட்டம் எப்படியோ, அப்படி இந்த இரண்டு சில்லும். சட்டம் உளுத்தால் கட்டில் நடுவில் தொய்யும். வண்டியும் அப்படியே தொய்யும்.

பணம் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள்.

22 பிப்ரவரி 2021

நேற்று அவசரத்தில் காந்தத்தோடு நிறுத்திவிட்டேன். எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்கிறேன்.

சில்லின் மேல் ஒரு ஜாண் விட்டு ஒரு ஜாண் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிடிக்காமல் நழுவுகிற இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை மூடிப் பூசிய பட்டி இருக்கிறது. பின்சக்கர வளைவின் முன் ஓரத்தையும் முன் மட்கார்டின் அடிப்பாகத்தையும் விடாதீர்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடும் அதைச் சுற்றி ஒரு ரப்பரும் உண்டு. அந்த ரப்பர் இற்றுப்போனால் சக்கரம் வாரி இறைக்கிற சேறும், குளிர்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்பும் உள்ளே போய் சில்லின் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அடுத்து சீட்டுக்குப் பின்னால் இருக்கிற மூடியைத் தூக்கிப் பேட்டரிப் பெட்டிகளைப் பாருங்கள். உங்கள் வண்டியில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். ஆசிட் கசிந்து பெட்டியின் அடி காணாமல் போயிருக்கலாம்.

கடைசியாக ஜாக்கி. இந்த வண்டிக்குப் பக்கத்துக்கு ஒரே ஜாக்கி இடம், சில்லின் நடுப்பகுதியில். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத் தூக்கச் சொல்லி, கதவின் பின் ஓர இடைவெளியிலேயே கண்ணை வையுங்கள். வண்டி ஏற ஏற அந்த இடைவெளி சுருங்கினாலோ, கதவைத் திறக்கும்போது பிடித்தாலோ, சில் போய்விட்டது என்று அர்த்தம். புதுப் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பெயின்ட் புதிது என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் எனக்குக் கவலை வந்தது.

25 பிப்ரவரி 2021

“இவ்வளவு பயமுறுத்துகிறீர்களே, உங்களுக்கு அனுபவம் உண்டா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

என் வண்டி 1966. சேசிஸ் எண் ஜிஎச்என்3 என்று ஆரம்பிக்கும். 2011-ல் கவென்ட்ரி பக்கம் வாங்கினேன். அதுவும் சிவப்பு, அதுவும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன், அது அப்பா சம்பந்தப்பட்டது.

ஆறு மாதம் கழித்து இடது கதவு சாத்த மறுத்தது. கீல் தளர்ச்சி என்று நினைத்து கீலைச் சரிசெய்தேன். இரண்டு வாரத்தில் மறுபடி அதே கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளியால் சில்லைத் தட்டிப் பார்த்தேன். டங் என்று வர வேண்டிய சத்தம் தொப் என்று வந்தது. கிரைண்டரில் ஒரு கை அகலம் வெட்டினேன். மேலே ஒரு தகடு. அதன் அடியில் மக்கிய பழைய தகடு, காய்ந்த அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. அதற்கும் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து அதன்மேல் பட்டி பூசியிருந்தார்கள். ஒரு தாளை விரித்துப் பார்த்தேன், 1989 என்று தேதி தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்த வண்டியின் முதுகெலும்பு காகிதமாக இருந்திருக்கிறது. அதில் என் மனைவியையும் உட்காரவைத்து மோட்டார்வேயில் போயிருக்கிறேன்.

அதைச் செய்த ஒர்க்‌ஷாப் எது என்று பழைய பில்லில் இருந்தது. பெயர் வேண்டாம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை.

7 மார்ச் 2021

தம்பி காந்தத்தோடு போய்ப் பார்த்திருக்கிறார். வலது சில் முன்பாதி பட்டி, இடது பக்கம் பரவாயில்லை, ஜாக்கியில் வலது கதவு பிடிக்கிறது. இதைக் காட்டி விலையைக் கணிசமாகக் குறைத்து வாங்கியும்விட்டார். சரி, இனி ‘வாங்கலாமா’ என்ற பேச்சு இல்லை. எப்படிச் செய்வது என்று பேசுவோம்.

சில் என்பது ஒரே தகடு இல்லை. வெளியே தெரிவது ஒன்று, நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு தகடு, உள்ளே தரையோடு சேரும் தகடு ஒன்று, இவற்றுக்குக் கீழே கோட்டை மதில் பல் மாதிரி மடித்த ஒரு சட்டம். நாலும் சேர்ந்தால்தான் பலம். வெளித்தகட்டை மட்டும் மாற்றுவது அழுகின பல்லுக்குத் தங்க மூடி போடுவது போல.

முதலில் கதவைக் கழற்றாமல் இடைவெளிகளை அளந்து சுவரில் எழுதிவையுங்கள். மேலே, நடுவில், கீழே, இரண்டு ஓரமும். பிறகு கதவைக் கழற்றிவிட்டு, கீல் இருக்கும் தூணுக்கும் பூட்டு விழும் தூணுக்கும் இடையே சதுர இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்து வெல்ட் செய்யுங்கள். ஒன்று போதாது, இரண்டு வையுங்கள். வண்டி தன் பாரத்தில் சமமாக நிற்க வேண்டும். ஸ்டாண்டை சஸ்பென்ஷன் பக்கம் கொடுங்கள், நடுவில் கொடுக்காதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம். இதில் மட்டும் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டினால் பாடி மடிந்துவிடும். பிறகு கதவு எந்த ஜென்மத்திலும் பொருந்தாது.

முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பதுதான், கழற்றிவிடுங்கள். பின்னது வெல்ட் செய்தது, அதைத் தொடாமல் முடியுமா பாருங்கள். புதுத் தகட்டை முதலில் கிளாம்பில் பிடித்து, கதவையும் மட்கார்டையும் மாட்டிப் பார்த்து, சுவரில் எழுதியதோடு ஒப்பிட்டு, அதன் பிறகே வெல்டிங். தகடு மெலிது. ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் நெளியும். இங்கே ஒரு புள்ளி, ஒரு முழம் தள்ளி ஒரு புள்ளி, பிறகு திரும்பி வாருங்கள். நான் இடது பக்கத்துக்கு நாலு மாதம் எடுத்தேன். வலது பக்கம் ஆறு வாரத்தில் முடிந்தது.

8 மார்ச் 2021

வெல்டிங் செய்யும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கார்ப்பெட்டையும் சீட்டையும் வெளியே எடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பெட்ரோல் டேங்க் பக்கம் போவதாக இருந்தால் டேங்கையே இறக்கிவிடுங்கள்.

19 மார்ச் 2021

வைப்பர் விஷயம். “லூகாஸ் ஒயரிங் என்றாலே அப்படித்தான், இருட்டின் இளவரசன்” என்று யாரோ பழைய கேலியை இங்கேயும் கொண்டுவந்திருக்கிறார்கள். லூகாஸ் என்பது இந்த வண்டிகளின் மின்சாரச் சாமான்களைச் செய்த கம்பெனி, விளக்கு எப்போது அணையும் என்று தெரியாது என்பதுதான் கேலி. இந்தக் கேலி எனக்குப் பிடிப்பதில்லை. ஐம்பது வருஷம் ஈரத்தில் கிடந்த எந்த இணைப்பும் பச்சை பூக்கும். ஒயரிங்கின் நிறக் கணக்கு மட்டும் தெரிந்தால் இதைவிட நேர்மையான வண்டி கிடையாது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை சாவி போட்டால் வருவது. அந்த வெள்ளை ஃபியூஸைத் தாண்டியதும் பச்சை ஆகிவிடும். கறுப்பு எர்த். ஊதா என்றால் சாவி இல்லாமலே ஃபியூஸ் வழியாக வருவது, ஹாரன் மாதிரி. நீலம் ஹெட்லைட், சிவப்பு சின்ன விளக்கு.

இப்போது சொல்லுங்கள் தம்பி. வைப்பர் மட்டும்தான் ஓடவில்லையா, அல்லது பெட்ரோல் முள், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாமே இல்லையா?

அப்புறம், பேட்டரியில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும், மறந்துவிடாதீர்கள்.

20 மார்ச் 2021

மேலே எழுதிய கடைசி வரியை யாரும் பின்பற்ற வேண்டாம். அது என் 1966 வண்டிக்கு. 1967 கடைசியில் வந்த மார்க் 2-லிருந்தே நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர். உங்கள் 1974 வண்டியில் முனையை மாற்றிக் கொடுத்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அந்த ஆல்டர்னேட்டர் அந்த நிமிடமே போய்விடும். சுட்டிக்காட்டிய சகோதரிக்கு நன்றி. என் வண்டி நினைப்பிலேயே எழுதுகிறேன், இனி உங்கள் வருஷத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

27 மார்ச் 2021

எதிர்பார்த்தபடியே பெட்ரோல் முள், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எதுவும் இல்லையாம். அப்படியானால் வைப்பர் மோட்டாரைப் பிரிக்க வேண்டாம். எல்லாம் பச்சை ஒயர் குடும்பம். ஃபியூஸ் பெட்டியில் அந்த ஃபியூஸை எடுத்து, அது உட்காரும் பித்தளைக் கவ்வியைப் பாருங்கள். கறுத்திருக்கும். நைஸ் உப்புத்தாளைச் சின்னதாக மடித்து உள்ளே விட்டுப் பளபளக்கும்வரை தேயுங்கள். பின்பக்கம் ஒயர் சொருகும் இடத்தையும் அப்படியே.

28 மார்ச் 2021

ஓடிவிட்டது! ஒரு உப்புத்தாள் செலவு. புது மோட்டாருக்கு ஆர்டர் போட்டிருந்தால் ரத்து செய்துவிடுங்கள்.

11 ஏப்ரல் 2021

அப்பா சம்பந்தப்பட்டது என்று சொல்லியிருந்தேன் அல்லவா. இன்றைக்கு எழுதுகிறேன்.

அப்பா திருநெல்வேலியில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். சொந்த வண்டி. ரிப்பேரும் பெரும்பாலும் அவரே. அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் காரின் மூன்றாம் சீரிஸ்தான், அதை நாம் எல்லோரும் அறிவோம். அதற்குள் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ். எம்ஜிபி-யில் இருக்கும் 1798 சிசி-யும் அதே பி-சீரிஸ். அண்ணன் தம்பி. மேலே வால்வு மூடியை இரண்டு நட்டுகள் பிடித்திருப்பதும், இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் இருப்பதும், டிஸ்ட்ரிபியூட்டர் மறுபக்கம் இருப்பதும், மேனிஃபோல்டுக்குப் பின்னால் டேப்பெட் தகட்டின் பேக்கிங் வழியாக எண்ணெய் கசிவதும் எல்லாம் அப்படியே. 2011-ல் அந்த பானெட்டைத் தூக்கியபோது எனக்கு இங்கிலாந்து தெரியவில்லை. ஜங்ஷன் ஸ்டாண்டில் பானெட்டுக்குள் தலையை விட்டு நிற்கிற அப்பாவின் முதுகு தெரிந்தது. அதனால்தான் சில்லைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தேன்.

வண்டி முதன்முதலாக முழுசாகக் கூடியது 2016-ல். ஸ்டார்ட் செய்து போனை பானெட் பக்கம் பிடித்தேன். ஊரில் அப்பா கேட்டார். அரை நிமிடம் பேச்சில்லை.

“மூணாவது சிலிண்டர் பக்கம் டேப்பெட் சத்தம் இல்லையே.”

சத்தம் இல்லாவிட்டால் நல்லதுதானே என்றேன்.

“சத்தம் போடுற டேப்பெட் ஒண்ணும் பண்ணாதுடா. சத்தமில்லாம இருக்கிறதுதான் வால்வைத் தின்னும். கேப்பைப் பாரு. ஒன்பது கணக்கு தெரியும்ல?”

தெரியாது. கேப் என்றால் வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளி. அதைச் சரிசெய்யும் முறையைப் போனிலேயே சொல்லிக்கொடுத்தார். வால்வு எட்டு. முன்னாலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டும். முதல் வால்வை அட்ஜஸ்ட் செய்ய எட்டாவது முழுசாக அமுங்கியிருக்க வேண்டும். மூன்றாவதுக்கு ஆறாவது, ஐந்தாவதுக்கு நாலாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. எம்ஜிபி-க்குக் கேப் 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜின் மெல்லிய இரும்பு இலையை விட்டு அளந்தேன். ஆறாவது வால்வில் அந்த இலை நுழையவே இல்லை. அப்படியே ஓட்டியிருந்தால் வால்வு சரியாக மூடாமல் ஓரம் கருகியிருக்கும். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து, ஒரு மலிவு போனில், இல்லாத சத்தத்தைக் கேட்டுச் சொன்னார்.

அப்பா 2019-ல் தவறினார். அந்த ஃபீலர் கேஜ் என் டூல் பெட்டியில் மேல் தட்டில் இருக்கிறது.

தம்பி, உங்கள் வண்டியிலும் ஒன்பது கணக்குதான். ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

2 மே 2021

பலர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. அம்பாசடர் எஞ்சினை எடுத்து எம்ஜிபி-யில் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: ஒரே குடும்பம் என்று மட்டும்தான் சொன்னேன், ஒரே அளவு என்று சொல்லவில்லை. இங்கே 1798 எஞ்சின் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த வேலை எதற்கு?

30 மே 2021

கார்புரேட்டர். இரண்டு எஸ்யூ. இந்தப் பெயருக்கு ஸ்கின்னர்ஸ் யூனியன் என்று விரிவு. லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற செருப்புக் கடைக் குடும்பத்துப் பிள்ளைகள் உருவாக்கியது. ஆரம்ப கால எஸ்யூ-வில் இன்றிருக்கும் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி இருந்ததாம். செருப்புக் குடும்பத்துக்குத் தோல் பஞ்சமா!

இரண்டையும் ஒரே அளவு மூச்சு விட வைப்பதுதான் முதல் வேலை. அதற்கு மீட்டர் வேண்டாம். அரை மீட்டர் ரப்பர் குழாய் போதும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயில் பிடியுங்கள். உஸ்ஸென்று ஒரு சீறல் கேட்கும். அடுத்ததில் பிடியுங்கள். ஒன்று ‘உஸ்’, இன்னொன்று ‘ஈஸ்’ என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவாருங்கள். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி, ஒருமுறை காது பிடித்துவிட்டால் பிறகு தவறாது.

அடுத்து பெட்ரோல் அளவு. மெல்லிய திருப்புளியால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி நிற்கப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடி உடனே பழையபடி ஆனால் சரி. ஜெட் நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். ஒரு முகம் ஒரு முகமாகத் திருப்புங்கள், அவசரம் வேண்டாம்.

31 மே 2021

மறுபடியும் என் வண்டி! ஜெட் நட்டு இருப்பது என் 1966-ன் எச்எஸ்4 மாடல் கார்புரேட்டரில். உங்கள் 1974-ல் இருப்பது எச்ஐஎஃப்4. அதில் நட்டு கிடையாது, பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ. வலஞ்சுழியாகத் திருப்பினால் பெட்ரோல் கூடும். குழாயும் பிஸ்டன் சோதனையும் இரண்டுக்கும் பொது.

13 ஜூன் 2021

சாவி போட்டதும் பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று வருவது பெட்ரோல் பம்ப். பயப்பட வேண்டாம். கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கிவிட வேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது, அல்லது பம்ப் காற்றை இழுக்கிறது. சாவியை அணைத்துவிட்டுத் தேடுங்கள். என் மகள் சின்னவளாக இருந்தபோது இதற்குப் ‘பல்லி’ என்று பெயர் வைத்தாள். நாங்கள் பல்லி சொல்லாமல் கிளம்புவதே இல்லை.

18 ஜூலை 2021

நிறம். தம்பி சிவப்பையே வைக்கலாமா, பச்சை அடிக்கலாமா என்று யோசிக்கிறார். அதற்கு முன் வாரிக்‌ஷயரில் கேடன் என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குச் சேசிஸ் எண்ணை எழுதிப் போடுங்கள். கட்டணம் கட்டினால் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். எந்தத் தேதியில் கட்டினார்கள், என்ன நிறம், எங்கே அனுப்பினார்கள், எல்லாம் வரும்.

என் சிவப்பு வண்டிக்கு வந்த சான்றிதழில் ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட் என்று இருந்தது. நம்பவில்லை. டேஷ்போர்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். யாரும் மறுபெயின்ட் அடிக்க முடியாத ஒரு மூலையில் கட்டித் தயிர் நிறத்தில் ஒரு திட்டு. அதில் ஒரு பெயின்ட் துளி வழிந்து பாதியில் உறைந்திருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன் ஸ்பிரே பிடித்த ஒரு கையின் ஒரு கணம். அந்தத் துளியைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு நிறம் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. வண்டி இப்போது வெள்ளை.

எம்ஜிபி-யைக் கட்டிய ஆபிங்டன் தொழிற்சாலையில் கடைசிவரை வண்டிகளை ஆட்கள் கையால் தள்ளித்தான் அடுத்த இடத்துக்கு நகர்த்தினார்கள், நகரும் பெல்ட் கிடையாது. 18 வருஷத்தில் 5 லட்சத்துக்கும் மேல். 1980 அக்டோபரில் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

12 செப்டம்பர் 2021

இந்த மாதத்திலிருந்து பங்கில் சாதா பெட்ரோல் இ10. பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது மெல்ல ஊறவைத்துப் பிளக்கும். நமக்கு சூப்பர் பெட்ரோல், அது இன்னும் இ5 தான். எதுவானாலும் எத்தனால் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், இது தீப்பிடிக்கிற விஷயம். ஈயம் கலந்த பெட்ரோல் 1999 முடிவோடு நின்றபோது, வால்வு உட்காரும் இடம் தேயாமல் இருக்க ஹெட்டுக்குக் கடின வால்வு சீட் வைக்க வேண்டியிருந்தது. உங்கள் ஹெட்டில் வைத்திருக்கிறார்களா என்று பழைய பில்களில் தேடுங்கள்.

3 அக்டோபர் 2021

ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் தனிச்செய்தியில் ஒருவருக்கு, “புது பாடி வாங்குவது ஏமாற்று வேலை, அப்புறம் அது அதே வண்டி இல்லை” என்று எழுதினேன். விட்னியில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் பழைய அச்சுகளை வைத்து 1988-லிருந்து முழு எம்ஜிபி பாடியைச் செய்து தருகிறார்கள். அவர் என் பேச்சைக் கேட்டு, தரை, சில், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், எல்லாம் போன ஒரு வண்டியை வெட்டி ஒட்டப் போய், ஆறு மாதத்தில் மனம் நொந்து விற்றுவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவருக்கு அந்தப் பதில் தவறான பதில். சில்லும் தரையும் மட்டும் என்றால் வெட்டி ஒட்டுங்கள். ஸ்பிரிங் பிடிக்கும் இடம் வரை போயிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், புது பாடி பல சமயம் மலிவு. அவர் இதைப் படித்தால், மன்னிக்க வேண்டும் ஐயா.

21 நவம்பர் 2021

கம்பிச் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு. நடு நட்டைச் செம்புச் சுத்தியலால்தான் தட்ட வேண்டும், இரும்பு கூடாது. வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எப்படிச் சுற்றுமோ அந்தத் திசையில் தட்டினால் கழலும். இடம் வலம் குழப்பமே வேண்டாம், இதை நினைவில் வைத்தால் போதும். கிளட்சை விடும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் பின்னால் ‘டக்’ என்று வந்தால் ஹப்பின் பற்களைப் பாருங்கள். கத்தி மாதிரி கூர்மையாகத் தேய்ந்திருந்தால் ஹப், சக்கரம் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

6 மார்ச் 2022

எம்ஓடி, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று இங்கே வருஷா வருஷம் பார்க்கும் சோதனை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2018 மே 20-லிருந்து, 40 வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. நான் ஆனாலும் வருஷா வருஷம் கொண்டுபோகிறேன். நான் வெல்ட் செய்த இடத்தை வேறொருவர் விளக்கடித்துப் பார்க்கட்டும். 1989 செய்தித்தாளை யாராவது பார்த்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

15 மே 2022

தம்பி வீடியோ அனுப்பியிருக்கிறார். பதினைந்து நொடி. வலது கதவு திறக்கிறது, சாத்துகிறது. திறக்கிறது, சாத்துகிறது. இடிக்காமல், தூக்கிவிடாமல், ‘டக்’ என்று ஒரே சத்தம். நான் அதை ஏழெட்டு முறை பார்த்தேன். அப்புறம் கராஜுக்குப் போய் என் கதவையும் ஒருமுறை திறந்து சாத்தினேன்.

இடைவெளி மேலேயும் கீழேயும் ஒன்றாக இருக்கிறது. வெல்டிங் தடம் தெரியவில்லை. ரொம்பச் சந்தோஷம் தம்பி.

இன்னும் ஒரு வேலை பாக்கி. துருப் பிடிக்காமல் இருக்கச் சில்லின் உள்ளே மெழுகு அடிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள், வெல்டிங்கில் ஒன்றிரண்டு அடைபட்டிருக்கும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, மெழுகு டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கி அடியுங்கள். மறுநாள் காலை ஒரு பழைய சைக்கிள் கம்பியால் ஒவ்வொரு துளையையும் குத்திவிடுங்கள்.